மல்லி வாடினால் உடனே சொம்பைத் தூக்காதீர்கள்

சென்னை மொட்டைமாடிகளில் மல்லி வளர்ப்பவர்களைக் கேட்டால், வெயிலில் செடி போய்விட்டது என்பார்கள். என் மாடியில் வெயிலில் போனதைவிட மழையில் அழுகிப் போனதுதான் அதிகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை விட்ட மூன்றாம் நாள், குண்டுமல்லியின் இலையெல்லாம் தொங்கிவிட்டது. தாகம் போல என்று இரண்டு சொம்பு ஊற்றினேன். அடுத்த வாரம் லேசாக இழுத்ததும் செடி கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் பழுப்பாக, கொழகொழவென்று, ஒரே நாற்றம்.

தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. காற்றில்லாத வேரால் தண்ணீரையும் உறிஞ்ச முடியாது. அதனால் ஈரத்தில் நிற்கும் செடியும் காய்ந்த செடி மாதிரியே வாடும். முதலில் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் ஐப்பசிக்கு முன்பே எடுத்துவிட்டு, தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள்.

அடுத்தது கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி, ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி என்பது வழக்கமான கணக்கு. பச்சைப்பசேலென்று இருக்கிறதே என்று வெட்டாமல் விடுவது ஒரு தவறு. மல்லி புதுக் கிளையில்தான் பூக்கும். அதற்காகக் கடலில் புயல் சின்னம் நிற்கும்போது தேதி பார்த்து வெட்டுவதும் தவறுதான். வெட்டுக்காயம் நாள்கணக்கில் நனைந்தால் பூஞ்சை ஏறிவிடும். ஒரு வாரம் தள்ளிப்போனால் ஒன்றும் குடிமுழுகாது.

அடைமழையில் உரம் போடாதீர்கள், பாதி கரைந்து ஓடிவிடும். அதுவும் யூரியாவையே கொட்டினால் இலைதான் வரும், மொட்டு வராது.

அப்புறம் இந்தக் கோடை மழை. மே மாதம் ஒரு நாள் மழை பெய்ததும் பூமி குளிர்ந்துவிட்டது என்று நம்பித் தொட்டி மாற்றுவார்கள். மறுநாளே 40 டிகிரி. வேர் அறுபட்ட செடி அதைத் தாங்காது. ஆடி வரைக்கும் பழைய தொட்டியிலேயே கிடக்கட்டும்.