பொறிவண்டு கூடினால் போதுமா? டெல்டா வயலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை மாதம், சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு நெல்லுக்குள் தெளித்த உளுந்து மாசியில் தழைத்து நிற்கும்போது, நுனிக்கொழுந்தில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான கறுப்பு அசுவினி அப்பிக்கொள்ளும். அதைத் தின்னப் பொறிவண்டும் வந்து சேரும். திருத்துறைப்பூண்டி ஆனாலும் பாபநாசம் ஆனாலும் இதைக் கண்டு உழவர் நிம்மதி அடைவது நியாயம்தான். ஆனால், வண்டு எத்தனை வகை என்று எண்ணி அதையே பலமாகக் கருதுவது தவறு.

ஆண் பொறிவண்டு தன் இணையைப் பெரும்பாலும் தொட்டுத்தான் அறிகிறது. பெண்ணின் உடல்மேல் படிந்துள்ள மெழுகுப் பொருள்களே அதற்கு அடையாளம். நெருங்கிய உறவுள்ள இரண்டு இனங்கள் ஒரே செடியில் இருந்தால், ஆண் தவறான பெண்மேல் ஏறிவிடுகிறது. பெண்ணுக்கு இரை தேடும் நேரம் வீணாகிறது. தன் இனத்து ஆணோடு சேரும் வாய்ப்பு குறைகிறது. இட்ட முட்டையும் பொரிக்காமல் போகலாம். இதுவே இனச்சேர்க்கைக் குறுக்கீடு.

பாதிப்பு இரு பக்கமும் சமமாக இருப்பதில்லை. ஜப்பானில் ஹார்மோனியா ஆக்சிரிடிஸ், ஹார்மோனியா எடோயென்சிஸ் என்னும் இரண்டு பொறிவண்டுகளைப் பற்றி 2012-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆக்சிரிடிஸ் மிகுந்த இடத்தில் எடோயென்சிஸ் பெண்களுக்குத் தம் இனத்து இணை கிடைப்பது குறைந்தது. ஆக்சிரிடிஸுக்கு அப்படிப்பட்ட இழப்பு இல்லை. எடோயென்சிஸ் பைன் மரங்களோடு ஒதுங்கி, பிடிக்கக் கடினமான அசுவினியைத் தின்று வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். உணவுப் போட்டியை மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு இது முக்கியமான பாடம். எண்ணிக்கையில் குறைந்த இனத்துக்கு அடி அதிகம் விழும். விழ விழ அது இன்னும் குறையும்.

ஆகவே, வயலில் உள்ளூர் வண்டுகள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும்போது, வேறொரு அசுவினி உண்ணும் இனத்தை வாங்கி வந்து கலந்து விடாதீர்கள். மாவுப்பூச்சிக்காக விடப்படும் ஆஸ்திரேலியப் பொறிவண்டான கிரிப்டோலீமஸின் கதை வேறு. அதன் இரையும் வேறு. நம் அசுவினி வண்டுகளோடு அதற்கு நெருங்கிய உறவும் இல்லை. அங்கே நடக்கும் தவறு, வெள்ளை மெழுகு போர்த்த அதன் புழுவை மாவுப்பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பது. பணம் கொடுத்து வாங்கிய நண்பனை நாமே கொல்கிறோம்.

ஜோடிகளைப் பார்த்தவுடன் பெருக்கம் உறுதி என்று எண்ணுவதும் கூடாது. அதே சமயம், நிறம் வேறுபட்ட ஜோடி என்றாலே கலப்பு என்றும் முடிவு கட்டாதீர்கள். நம் ஊரில் சாதாரணமாகக் காணும் ஆறுபுள்ளிப் பொறிவண்டு ஒரே இனத்துக்குள்ளேயே பல தோற்றங்களில் வரும். இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். கொத்தாக நிற்கும் மஞ்சள் முட்டைகள் பொரிக்கும் முன் சாம்பல் நிறமாகக் கறுக்கும். கறுக்காமல் சுருங்கினால் அவை வீண் முட்டைகள். அப்போதும் குறுக்கீடுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சில பொறிவண்டு இனங்களில் ஆண் கருவை மட்டும் கொல்லும் பாக்டீரியா உண்டு. முட்டைகள் காணாமலே போனால், பசித்த வண்டும் புழுவும் தின்றிருக்கலாம். பக்கத்து வயலில் அடித்த மருந்தையும் விசாரியுங்கள். என் கருத்தில் டெல்டாவில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த மருந்தைத்தான்.

கத்தரியில் இலையின் பச்சையைச் சுரண்டித் தின்னும் புள்ளிவண்டும் பொறிவண்டுக் குடும்பமே. அதன் முதுகு பளபளக்காது, மெல்லிய மயிர் படர்ந்திருக்கும். புழு மஞ்சளாக முள் முள்ளாக இருக்கும். அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

நெல் வரப்பில் தட்டைப்பயறு ஊன்றுவது இதற்கெல்லாம் நல்ல துணை. அதில் வரும் அசுவினி வண்டுகளுக்கு உணவாகும். எந்த இனம் அங்கே நிலைக்கிறதோ அதையே பெருக விடுங்கள். அந்த வரப்பில் மருந்து படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.