வோர்ட் ரோஸ்டரைக் கூகுள் ஷீட்ஸில் போடுகிற முறை

ரோஸ்டரில் (தாதியரின் டியூட்டிப் பட்டியல்) பெயர்களை நிரப்ப முன்னர் மணிக்கணக்கைப் பாருங்கள். எங்கள் வைத்தியசாலை வோர்ட்டுகளில் வழக்கமான ஒழுங்கு காலை 7 முதல் 1 வரை, பின்னேரம் 1 முதல் 7 வரை, இரவு 7 முதல் மறுநாள் காலை 7 வரை. காலைக்கு 5 பேர், பின்னேரத்துக்கு 4, இரவுக்கு 3 வேண்டுமென்றால் நாளுக்கு 30 + 24 + 36 = 90 மணி, வாரத்துக்கு 630. ஆளுக்கு வாரம் 36 மணி என்று வைத்தால், ஒருவரும் லீவு எடுக்காவிட்டாலே 18 பேர் தேவை. இருப்பது 15 பேர் என்றால் வாரம் 90 மணி துண்டு விழும். அதை எந்த மென்பொருளும் நிரப்பாது. ஓவர்டைமா, வேறு வோர்ட்டிலிருந்து ஆளா என்பதை மாதம் தொடங்க முதலே மேற்றனுடன் (தாதியருக்குப் பொறுப்பானவர்) பேசித் தீர்க்க வேண்டும்.

ஷீட்டைக் கொம்பியூட்டரில் அமையுங்கள்; பார்ப்பதற்குப் போன் போதும். இடப்பக்கம் பெயர்கள், மேலே திகதிகள். கட்டங்களில் கா, பி, இ, ஓ (ஓஃப்), லீ (லீவு), கா/இ (ஒரே நாளில் காலையும் இரவும்) ஆகிய ஆறு குறிகள் மட்டும். இவற்றைக் கையால் தட்ட விடாமல் டேட்டா வேலிடேஷனில் தெரிவுப் பட்டியலாக வையுங்கள். ‘கா’வுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் தவறி விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, குறி அப்படியே பொருந்த வேண்டிய கணக்கில் மட்டும் ஓர் ஆள் குறையும். பழைய ரோஸ்டர் பாமினி எழுத்துருவில் இருந்தால் அதை அப்படியே ஒட்டாதீர்கள். போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யுனிகோட்டில் ஒருமுறை புதிதாக அடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு திகதிக்கும் கீழே கவுண்ட்இஃப் (COUNTIF) சூத்திரத்தால் காலை, பின்னேரம், இரவு ஆட்களை எண்ணுங்கள். தேடும் குறியை "*இ*" என்று இரு பக்கமும் நட்சத்திரம் போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் ‘கா/இ’ போட்டவர் இரவுக் கணக்கில் வரமாட்டார். பெயருக்கு நேரே வலப்பக்கத்தில் கா, பி எண்ணிக்கையை 6 ஆலும் இ எண்ணிக்கையை 12 ஆலும் பெருக்கிக் கூட்டினால் அவருடைய மாத மணிகள் வந்துவிடும். யாருக்கு இரவு கூடிப்போனது என்ற மனத்தாங்கல் பெரும்பாலும் இந்த ஒரு நிரலைக் காட்டினாலே அடங்கும்.

அடுத்தது ஓய்வு. இதில்தான் கவனம் அதிகம் வேண்டும். இன்று ‘இ’, நாளை ‘கா’ என்றால் அந்தத் தாதி தொடர்ந்து 18 மணி நிற்கிறார். மருந்து அளவு பிழையாகிற நேரம் அது. நாளை ‘பி’ என்றாலும் இடையில் 6 மணிதான், பயணமும் அதற்குள். இரண்டையும் கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் (நிபந்தனைக்கேற்பக் கட்டத்தின் நிறம் மாற்றும் வசதி) சிவப்பாக்குங்கள். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காக எழுத்தையும் தடிப்பாக்குங்கள். பலர் விடுகிற பிழை மாத எல்லையில் வரும்: 31ஆம் திகதி இரவு நின்றவருக்கு 1ஆம் திகதி காலை விழும், புதிய ஷீட் அதை அறியாது. ஆகவே போன மாதத்தின் கடைசி 3 நாட்களை முதல் நிரல்களாகச் சேர்த்துவிடுங்கள், எண்ணிக்கையில் சேர்க்காமல்.

லீவு, ஓஃப் கேட்பதை மாதம் தொடங்க 15 நாட்களுக்கு முன்னர் கூகுள் ஃபோர்ம்ஸில் வாங்கி முடியுங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் திருவிழாக் கொடியேறினால் 25 நாளும் கேட்பார்கள். 24ஆம் நாள் தேருக்கும் மறுநாள் தீர்த்தத்துக்கும் ஒரே ஆளே இரண்டையும் எடுக்காமல் பிரித்துக் கொடுங்கள். நெடுந்தீவுக்குப் போகிறவருக்கு ஓஃபுக்கு முதல்நாள் பின்னேரம் போடாதீர்கள்: 7 மணிக்கு முடிந்து குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போனால் படகு இருக்காது, ஓஃபில் பாதி போய்விடும்.

டியூட்டி மாற்றுவதை வட்ஸ்அப்பில் பேசலாம். ஆனால் பொறுப்புத் தாதி ஷீட்டில் திருத்தும்வரை பழைய பெயரே செல்லும் என்பதை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். திருத்தும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும், மற்றவர்களுக்குப் பார்க்கும் உரிமை. குறூப்பில் ரோஸ்டரைப் படமாகப் போடாதீர்கள்; மூன்றாம் நாள் எது புதியது என்று ஒருவருக்கும் தெரியாது. இணைப்பை மட்டும் போடுங்கள். லீவின் காரணமோ நோயாளி விபரமோ ஷீட்டில் வேண்டாம்.

சாதாரணப் போன் வைத்திருக்கிறவர்களும், டேட்டா முடிந்தவர்களும் எந்த வோர்ட்டிலும் இருப்பார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் ஏ4 தாளில் குறுக்குவாட்டில், அரை மாதம் ஒரு பக்கமாக அச்சடித்து, மேலே திருத்திய திகதியும் நேரமும் எழுதி, பழைய தாளைக் கழற்றிவிட்டு ஒட்டுங்கள்.