லீவில் போகும் முன் வேலையை ஒப்படைப்பது எப்படி?

லீவு உறுதியானதுமே ஒப்படைப்புக் குறிப்பை ஆரம்பித்துவிடுங்கள். கடைசி நாள் சாயங்காலத்துக்கு வைத்தால் பாதி விஷயம் நினைவுக்கு வராது. அன்றாட வேலையைச் செய்துகொண்டே, எதைத் தொடுகிறேனோ அதை நான் அப்போதே குறித்துவைப்பேன்.

வேலை எங்கே நிற்கிறது, அடுத்து யார் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். "பில் விஷயம் பேசியாச்சு" என்றால் யாருக்கும் உதவாது. "பில்லில் வரித்தொகை தப்பு, திருத்திய பில் 14-ம் தேதிக்குள் வரணும், வராவிட்டால் போன் செய்து கேளுங்கள்" என்றால், என் இடத்தில் உட்காருபவர் என்னைத் தேட வேண்டியதில்லை. காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஏன் என்று தெரிந்தால்தான் எதிர்பாராதது வரும்போது அவரால் தைரியமாக முடிவெடுக்க முடியும்.

கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி போடுங்கள்: 2025-03-09. தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரமுறையான ஐஎஸ்ஓ 8601-ம் இதே வரிசைதான். பெயர்ப்படி அடுக்கினாலே காலவரிசை தானாக வந்துவிடும். பாஸ்வேர்டை மட்டும் குறிப்பில் எழுதாதீர்கள். பொறுப்பேற்பவருக்கென்று தனி அனுமதி வாங்கிக் கொடுங்கள்.

குறிப்பை அனுப்பியதோடு விட்டுவிடாதீர்கள். பொறுப்பேற்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வேலையை முழுக்க அவரையே செய்யவிடுங்கள். நீங்கள் மௌஸைத் தொடவே கூடாது. அவர் தயங்கி நிற்கும் இடம்தான் குறிப்பில் விட்டுப்போன இடம். அங்கேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அடுத்தவர் நேரத்துக்கு நாம் தரும் மரியாதை இதில்தான் இருக்கிறது என்று நான் மனதார நம்புகிறேன்.

திரும்பி வந்ததும், அவர் எடுத்த முடிவுகளை முதலில் உட்கார்ந்து கேளுங்கள். மெயிலை அப்புறம் திறக்கலாம்.