பழைய உயர்தர ஸ்பீக்கருக்குச் செலவு செய்யலாமா?

இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் பெரும் பணம் கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரைப் பற்றி யார் கேட்டாலும், பழுதுபார்ப்பையும் மேம்படுத்துவதையும் முதலில் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்வேன். வயதானதால் இழந்ததை மீட்பது பழுதுபார்ப்பு. அதற்குச் செலவழிக்க நான் தயங்குவதில்லை. வாங்கிய நாளிலும் இல்லாத ஒன்றைச் சேர்க்கப் பார்ப்பது மேம்படுத்துவது. அதில்தான் காசு கரைகிறது.

ஸ்பீக்கரைச் சோதிக்கும்போது, தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய கூம்பான வூஃபரிலிருந்து தொடங்குங்கள். முன்பக்கத் துணிச் சட்டத்தைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் வளையம் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. ஆனால் 1970களிலிருந்து 1990கள் வரை வந்த பல நல்ல ஸ்பீக்கர்களில் பாலியூரித்தேன் நுரை வளையம்தான் இருந்தது. காற்றின் ஈரப்பதம் அதைச் சிதைத்துவிடும். ஆண்டு முழுவதும் புழுக்கம் குறையாத சிங்கப்பூரில் அது இன்னும் விரைவாக நடக்கிறது. நிறம் மங்கி, பிசுபிசுத்து, விரல் வைத்தாலே ஊறிய பிஸ்கட்போல் பிய்ந்து வரும். பார்த்தவுடன் மனம் உடைந்துவிடும். ஆனால் உள்ளதிலேயே எளிதாகச் சரிசெய்யக்கூடிய பழுது இதுதான். கூம்பும் காந்தமும் நன்றாகவே இருக்கும். சரியான அளவு வளையத்தை ஒட்டினால் வூஃபர் பிழைத்துக்கொள்ளும். ஒட்டிக் காய்ந்த பிறகு இரு கட்டைவிரல்களையும் கூம்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து மெல்ல அழுத்துங்கள். சத்தமில்லாமல் உள்ளே போய் வர வேண்டும். சரசரவென்று உரசினால் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் நடுவில் இல்லை. மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். அதுவரை பிய்ந்த வளையத்தோடு பாட்டுப் போடாதீர்கள். பிடிப்பில்லாத கூம்பு ஆடி ஆடி காயிலையும் கெடுத்துவிடும்.

அடுத்து, காது. 1950களில் மோனோவாக, அதாவது ஒரே தடத்தில், பதிவான கச்சேரி ஒன்றைப் போடுங்கள். பாடகரின் குரல் இரு ஸ்பீக்கர்களுக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு இடவல ஸ்பீக்கர் கம்பிகளை அதன் பின்புறம் மாற்றிச் செருகுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் குறை ஸ்பீக்கரில் இல்லை, ஆம்ப்ளிஃபையரிலோ அதற்கு முந்தைய கருவியிலோ இருக்கிறது. மாறாவிட்டால் ஸ்பீக்கர்களையே இடம் மாற்றி வையுங்கள். சாய்வு கூடவே போனால் ஸ்பீக்கர், போகாவிட்டால் அறை. சிங்கப்பூரின் தமிழ் வானொலியான ஒலி 96.8 அறிவிப்பாளரின் பேச்சும் நல்ல சோதனை. மனிதக் குரல் எப்படி இருக்க வேண்டும் என்று நம் காதுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உச்ச ஒலிகளைத் தரும் சிறிய ட்வீட்டர் மந்தமாகத் தோன்றினால், ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றைப் பாருங்கள். அதிலுள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் உலர்ந்து அளவு மாறிவிடும். அதே மதிப்புள்ள சாதாரண பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர் போதும். மின்னணு உதிரிபாகக் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் தேடலாம். ஒரே கெப்பாசிட்டருக்கு நூற்றுக்கணக்கில் சிங்கப்பூர் வெள்ளி கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இன்னொரு எச்சரிக்கை: பாலிப்ரொப்பிலீனின் உள்தடை குறைவு. அதனால் ட்வீட்டர் சற்று உரக்க ஒலிக்கக்கூடும். உரப்பைத் தெளிவு என்று எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் காது களைத்துவிடும். சிறிய ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்தால் பழைய சமநிலை திரும்பும்.

இத்தனைக்கும் முன்னால் அறையைக் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் கான்கிரீட் சுவர், வழுவழுப்பான ஓட்டுத்தரை. கூடத்தின் நீளம் 5 மீட்டர் என்றால் 34 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒலி வீங்கும். தெம்பனிஸில் என் மச்சான் வீட்டில் மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் ஒரே குழறலாகக் கேட்டது. வூஃபரை மாற்றக் கடையில் விலை கேட்டுவிட்டார். சுவரோடு ஒட்டியிருந்த ஸ்பீக்கர்களை அரை மீட்டர் முன்னே இழுத்து, தரையில் தடித்த கம்பளம் விரித்தோம். தொப்பியில் கையை அழுத்தி எழுப்பும் கும்கி நாதம் வளைந்து எழுவது தனியாகக் கேட்டது. வூஃபரை மாற்றும் பேச்சு அதோடு முடிந்தது.

இனி பணக் கணக்கு. தேவைப்படும் வேலைகளுக்கான மொத்தச் செலவை எழுதுங்கள். அதே மாடல் நல்ல நிலையில் பழைய பொருள்களை விற்கும் கரோசல் இணையச் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். செலவு அதில் பாதிக்குள் இருந்தால் நான் செய்துவிடுவேன். அதைத் தாண்டினால், கோல்மன் ஸ்திரீட்டில் ஒலிக்கருவிக் கடைகள் உள்ள அடெல்ஃபி கடைத்தொகுதிக்கு உங்களுக்குப் பழகிய பாடல்களோடு போய், அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் புதியவற்றைக் கேளுங்கள். கனமான பழைய பெட்டிக்கு ஈடான பெட்டி இன்று என்ன விலை என்பது அங்கே தெரியும்.

ட்வீட்டரே எரிந்து, தயாரிப்பாளரிடமும் மாற்று இல்லை என்றால் மட்டும் கைவிடச் சொல்வேன். கிராஸ்ஓவர் அந்த ட்வீட்டருக்கென்றே வடிவமைக்கப்பட்டது. வேறொன்றைப் பொருத்தினால் அது வேறு ஸ்பீக்கராகிவிடும். எதைக் கழற்றினாலும், எந்தப் பக்கத்தது என்று எழுதி ஒட்டி எடுத்து வையுங்கள். பின்னால் விற்க நேர்ந்தால், வாங்க வருபவர் முதலில் கேட்பது அசல் பாகங்களைத்தான்.