பயறு ஜெனெடிக்ஸ்ல ரிசர்ச் பண்ண போறீங்களா, இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

பெங்களூர் ஜிகேவிகேக்கு (வேளாண் பல்கலைக்கழக வளாகம்) நம்ம ஊர்ப்பக்கம் இருந்து வர்ற பசங்க, பிஎஸ்சி அக்ரி முடிச்ச சூடு ஆறாம வர்றவங்க, முதல் வாரத்துலயே கேக்குற கேள்வி "அண்ணா, எந்த ஜீன்ல வேலை செஞ்சா பெரிய ஜர்னல்ல வரும்?" தப்பு அங்கயே ஆரம்பிச்சிடுது. எந்தப் பயிர், அது எப்ப பூக்கும், வருஷத்துக்கு எத்தனை போகம், இதை முதல்ல கேளுங்க, ஜீன் எங்கயும் ஓடிப்போகாது.

துவரையையே எடுத்துக்கோங்க. நடுத்தர வயசு ரகம்னா 160-180 நாள், அப்ப வருஷத்துக்கு ஒரு போகம்தான். நீங்களே ரெண்டு ரகத்தை கிராஸ் போட்டு (கலந்து), எஃப்6, அதாவது ஆறாவது தலைமுறை வரைக்கும் போய் லைன் (குணம் மாறாத வம்சம்) நிலைச்சு அப்புறம் மேப்பிங் (ஜீன் எங்க இருக்குன்னு தேடுறது) பண்றதுன்னா 6, 7 வருஷம் போயிடும், ஃபெல்லோஷிப்போ 3 வருஷம், மிஞ்சிப்போனா 5. அதனால சேர்றதுக்கு முன்னாடியே கைடுகிட்ட "ரெடியா ஆர்ஐஎல் இருக்கா சார்"னு கூச்சப்படாம கேட்டுடுங்க, ஆர்ஐஎல்னா இப்படி ஏற்கனவே நிலைச்ச லைன்களோட தொகுப்பு.

சரி, லைட் போட்டு சீக்கிரம் பூக்க வெச்சு தலைமுறைய வேகமா ஓட்டுற ஸ்பீட் ப்ரீடிங் இருக்கேன்னு சொல்வீங்க. அதுலயும் ஒரு பொறி இருக்கு. கொண்டைக்கடலைக்கு 22 மணி நேரம் லைட் குடுத்தா சீக்கிரம் பூத்துடும், ஏன்னா அது நீண்ட பகலை விரும்புற செடி. அதே லைட்டை துவரைக்கோ நாட்டு அவரைக்கோ போட்டீங்கன்னா தளதளன்னு வளரும், கொடி ஓடும், பூ மட்டும் வராது, ஏன்னா ரெண்டும் பகல் குறைஞ்சாதான் பூக்கும். பெங்களூர்ல அவரேகாய் (நாட்டு அவரை) சீசன் மார்கழி தைல வர்றதுக்கும் அதான் காரணம். பகல் நீளத்தை கண்டுக்காத எச்ஏ 3, எச்ஏ 4 மாதிரி ரகங்கள் இங்க ஹெப்பால்ல வந்த பிறகுதான் மத்த மாசத்துலயும் காய் பாக்க முடியுது.

இப்ப கிராஸிங். இதுலதான் தீசிஸ் கவிழுறது. பயறு பூ விரியுறதுக்கு முன்னாடியே உள்ள மகரந்தப்பை வெடிச்சு தன்மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் முடிஞ்சிடும், விரிஞ்ச பூவுல கிராஸ் போடுறது வீண் வேலை. மறுநாள் விரியப்போற மொட்டா பாத்து, படகு இதழை ஃபோர்செப்ஸால மெதுவா கீறி, உள்ள 10 கேசரம் இருக்கும், ஒண்ணு தனியா 9 சேந்து, பத்தையும் எடுத்தாச்சான்னு எண்ணுங்க. ஒண்ணு விட்டாலும் செல்ஃப்தான், அதாவது தன் மகரந்தத்துலயே காய்ச்சிடும். சரி, வந்த காய் கிராஸா செல்ஃபான்னு எப்படி தெரியும்? வெள்ளைப்பூ அவரையை தாயாவும் ஊதாப்பூவை அப்பாவாவும் வெச்சா எஃப்1ல (முதல் தலைமுறையில) ஊதா வரணும், ஊதாதான் ஓங்கி நிக்கும், வெள்ளை பூத்தா அது கிராஸே இல்ல, பிடுங்கிடுங்க. இந்த செக் பண்ணாம எஃப்2 (அடுத்த தலைமுறை) போட்டு, எதிர்பார்த்த ரேஷியோ வரலன்னு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து மண்டைய உடைக்கறவங்க இருக்காங்க.

துவரைக்கு இன்னொரு தலைவலி தேனீ. அயல் மகரந்தச் சேர்க்கை நிறைய நடக்கும், வலை போடாம எடுத்த விதையை சுத்தமான லைன்னு சொல்லாதீங்க.

கிராஸ் போட்ட பூவுல கட்டுற டேக்ல பென்சிலால எழுதுங்க. மார்க்கர் மழையிலயும் வெயில்லயும் போயிடும்.

அடுத்தது, க்யூடிஎல் (ஒரு குணத்தோட தொடர்புள்ள ஜீனோம் பகுதி) கிடைச்சா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கறது. கொண்டைக்கடலை ஜீனோம் 2013ல வந்துச்சு, ஐசிசி 4958னு வறட்சி தாங்குற லைன்ல இருந்த ஒரு ஹாட்ஸ்பாட்டை (பல க்யூடிஎல் சேந்த இடம்) பூசா 372ங்கற ரகத்துக்கு பேக்கிராஸ் பண்ணி (அந்த ரகத்தோடவே திரும்பத் திரும்ப கலந்து) ஏத்தி, பூசா சிக்பீ 10216னு ரகமா வெளிய வந்தது 2019ல. அந்த நடுவுல இருக்கற வயல் வேலைய யாரும் ஸ்லைடுல போட மாட்டாங்க, ஆனா கரியர்ல உங்களுக்கு பேர் வாங்கிக் குடுக்குறது அதுதான்னு நான் நினைக்கறேன்.

விளைச்சல் மட்டும் பாக்குறதும் தப்புதான். அவரேகாய் வாங்குற பெங்களூர் அம்மாக்கள் காயை கையில தேச்சு மோந்து பாப்பாங்க, அந்த எண்ணெய்ப்பிசுக்கு வாசனைக்கு இங்க சொகடுன்னு பேரு. சொகடு இல்லாத ரகம் எக்டேருக்கு எவ்வளவு குடுத்தாலும் மார்க்கெட்ல மவுசு குறைவு. இது ஜர்னல்ல தெரியாது, காய் பறிக்கற அக்காங்ககிட்ட கேட்டா உடனே தெரியும். நாலு வார்த்தை கன்னடம் கத்துக்கோங்க, அவங்கள்ல பாதிப் பேருக்கு தமிழும் வரும்.

டிரையல்ல யூரியாவ அள்ளிக் கொட்டாதீங்க, வேர் முடிச்சு குறைஞ்சுபோய் லைனுக்கு லைன் வித்தியாசமே மறைஞ்சிடும்.

கடைசியா விதை. வண்டு குடோன்ல வரும்னு நினைக்காதீங்க, வயல்லயே காய் மேல முட்டை வெச்சிடுது, டப்பாவுல போட்டு மறந்துட்டா ஒவ்வொரு விதையிலயும் வட்டமா ஓட்டை, உள்ள மாவு. நல்லா காயவெச்சு ஃப்ரீசர்ல போடுங்க, ஒரு பங்கை வேற பில்டிங்ல வைங்க, இங்க கரண்ட் போறது ஒண்ணும் புதுசில்ல.