கவுன்சில் டாக்ஸ் பாக்கிக்கான நீதிமன்ற ஆணை, வேலைக்கான பின்னணிச் சரிபார்ப்பில் தெரியுமா? படிப்படியாகப் பார்க்கும் முறை

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் கவுன்சில் டாக்ஸ் (வீடுகளுக்கான உள்ளாட்சி வரி) பாக்கிக்காக மாஜிஸ்திரேட் நீதிமன்றம் பிறப்பிக்கும் லயபிலிட்டி ஆர்டர், டி.பி.எஸ். எனப்படும் குற்றப் பதிவுச் சரிபார்ப்புச் சான்றிதழில் வராது, கடன் வரலாற்று அறிக்கையிலும் வராது. ஆனால் இந்தப் பதிலை மட்டும் நம்பி, விண்ணப்பப் படிவத்தில் உள்ள எல்லாக் கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்று குறித்துவிட வேண்டாம். ஆணை தானாக வெளிப்படாது என்பது ஒன்று, படிவம் அதைப் பற்றி நேராகவே கேட்கிறதா என்பது வேறொன்று. பலருக்கு வேலை கைநழுவிப் போவது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

என் பெயரில் இப்படி ஓர் ஆணை இருந்த நிலையில் நிதித் துறையில் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க நேர்ந்தது. வீடு மாறிய தகவலை எழுத்தில் கொடுத்திருந்தும், நான் முன்பு குடியிருந்த பகுதியின் கவுன்சில் சம்மனைப் பழைய முகவரிக்கே அனுப்பியிருந்தது. அப்போது தேடித் தெரிந்துகொண்டவற்றை, தமிழில் படிப்பவர்களுக்குப் பயன்படும் என்று இங்கே வரிசைப்படுத்துகிறேன். இந்த விளக்கம் இங்கிலாந்தின் நடைமுறைக்கானது. வேல்ஸிலும் அடிப்படை பெரும்பாலும் இதுவே.

படி 1: கையில் இருக்கும் தாள் எது என்று உறுதி செய்யுங்கள்

நினைவூட்டல் கடிதம், சம்மன், லயபிலிட்டி ஆர்டர், அமலாக்க முகவரின் (பாக்கியை வசூலிக்க வீட்டுக்கு வருபவர்) அறிவிப்பு ஆகிய நான்கும் வெவ்வேறு. சம்மனில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் பெயர் இருப்பதைக் கண்டதும், குற்ற வழக்கு பதிவாகிவிட்டது என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு இடமில்லை. அதே நீதிமன்றம் குற்ற வழக்குகளை விசாரிக்கிறது என்றாலும், 1992ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்தின்கீழ் வரும் இந்த விவகாரம் குடிமைத் தன்மை கொண்டது. நீங்கள் இவ்வளவு வரி செலுத்தக் கடமைப்பட்டவர் என்று நீதிமன்றம் உறுதிசெய்து, வசூலிக்கும் அதிகாரத்தைக் கவுன்சிலுக்குத் தருகிறது. அதற்கு மேல் அந்த ஆணையில் ஒன்றும் இல்லை. யாரும் குற்றவாளியாக அறிவிக்கப்படுவதில்லை.

சி.சி.ஜே. எனப்படும் கவுண்டி நீதிமன்றத் தீர்ப்போடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சி.சி.ஜே. பொதுப் பதிவேட்டில் ஏறும். ஒரு மாதத்துக்குள் முழுத்தொகையையும் கட்டினால் நீக்கப்படும், இல்லையென்றால் ஆறு ஆண்டுகள் அங்கேயே இருக்கும். லயபிலிட்டி ஆர்டர் அந்தப் பதிவேட்டில் ஏறுவதே இல்லை. ஆகவே அதை ‘நீக்கித் தருகிறோம்’ என்று பணம் கேட்கும் எவரிடமும் போகாதீர்கள்.

படி 2: உங்கள் வேலைக்கு எந்தச் சரிபார்ப்பு என்று கேட்டு அறியுங்கள்

மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பதில் தவறேதும் இல்லை. அடிப்படை டி.பி.எஸ். சான்றிதழில் இன்னும் காலாவதியாகாத தண்டனைகளும் நிபந்தனையுடன் கூடிய போலீஸ் எச்சரிக்கைகளும் மட்டுமே இருக்கும். பள்ளி, மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளுக்கான உயர்நிலைச் சான்றிதழில் பழைய தண்டனைகளும், காவல்துறை தொடர்புடையதெனக் கருதும் தகவல்களும் சேரலாம். கவுன்சிலின் வரி வசூல் கணக்கு இவற்றில் எதிலும் அடங்காது.

நிதி நிலையையும் பார்க்கும் வேலைகள் தனி வகை. வங்கி, காப்பீடு, முதலீட்டு நிறுவனங்கள், பி.எஸ். 7858 என்ற பிரிட்டிஷ் தரத்தின்படி ஆள்களைச் சரிபார்க்கும் பாதுகாப்பு நிறுவனங்கள், காவல்துறைப் பணி, எஸ்.சி. (செக்யூரிட்டி செக்) மற்றும் டி.வி. (டெவலப்ட் வெட்டிங்) நிலைப் பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் அரசுப் பணிகள் ஆகியவை இதில் வரும். இங்கேயும் நிறுவனம் எடுத்துப் பார்க்கும் அறிக்கையில் சி.சி.ஜே., திவால், ஐ.வி.ஏ. (கடன் கொடுத்தவர்களோடு செய்துகொள்ளும் முறையான ஒப்பந்தம்) போன்ற பொதுப் பதிவுகளே தெரியும். ஆனால் இத்தகைய வேலைகளில்தான், அறிக்கையோடு நிற்காமல் உங்களிடமே எழுத்தில் கேட்பார்கள்.

படி 3: உங்கள் பதிவுகளை நீங்களே முதலில் பாருங்கள்

கடன் வரலாற்றைத் தொகுக்கும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களிடமும் சட்டப்படியான கடன் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். கடன் மதிப்பெண் காட்டும் கைபேசிச் செயலிகளை இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் தரவை மட்டும் காட்டி, கூடவே கடன் அட்டை விளம்பரங்களையும் நீட்டும். மூன்று அறிக்கைகளையும் பி.டி.எஃப். கோப்பாகச் சேமித்து, ‘பொதுப் பதிவுகள்’ பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பழைய முகவரிகளையும் கொடுத்துத் தேட வேண்டும். அதை விட்டுவிட்டால் அறிக்கை பாதிதான்.

அந்தப் பகுதியில் எதையாவது கண்டால், அது லயபிலிட்டி ஆர்டர் அன்று. அதற்குப் பின் கவுன்சில் எடுத்த அடுத்த நடவடிக்கையாகவோ, வேறு கடனாகவோ இருக்கும். பாக்கி 5,000 பவுண்டை எட்டினால் கவுன்சில் திவால் மனு போடலாம். திவால் ஆணை பொதுப் பதிவேட்டிலும், கடன் அறிக்கையில் ஆறு ஆண்டுகளும் நிற்கும். சொந்த வீடு உள்ளவர் மீது 1,000 பவுண்டு பாக்கிக்கே கவுண்டி நீதிமன்றம் வழியாக வீட்டின் மேல் பொறுப்புரிமை (வீட்டைக் கடனுக்கு ஈடாக்கும் ஆணை) கோரலாம். அது நிலப் பதிவேட்டில் ஏறும். எனவே, ஆணை தெரியாது என்ற தைரியத்தில் பாக்கியை வளரவிடுவது, தெரியாத ஒன்றைத் தெரியக்கூடிய ஒன்றாக மாற்றிக்கொள்வதாகும்.

படி 4: படிவத்தின் கேள்வியைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்த படி இதுதான். நீங்களும் இங்கே அவசரப்பட வேண்டாம். நான் பார்த்த வரையில் கேள்விகள் மூன்று விதமாக வருகின்றன.

முதல் விதம், காலாவதியாகாத குற்றத் தண்டனை உண்டா என்பது. லயபிலிட்டி ஆர்டர் தண்டனை அன்று. ‘இல்லை’ என்பதே சரியான விடை. இங்கே பயந்துபோய் ‘ஆம்’ என்று குறித்துவிட்டு விளக்கம் எழுதுபவர்கள் தங்களுக்கே கேடு செய்துகொள்கிறார்கள்.

இரண்டாவது விதம், சி.சி.ஜே., ஐ.வி.ஏ., திவால் என்று பெயர் சொல்லிக் கேட்பது. அவை உங்களுக்கு இல்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதலாம். கேட்காததைச் சொல்ல வேண்டிய கடமை இந்த இடத்தில் இல்லை.

மூன்றாவது விதம்தான் சிக்கலானது. ‘கடன் தொடர்பாக ஏதேனும் நீதிமன்ற ஆணை உங்கள் மீது உண்டா?’, ‘செலுத்தப்படாத வரி அல்லது கடன் பாக்கி உண்டா?’, ‘உங்கள் நிதிப் பொறுப்புகள் அனைத்தையும் உரிய காலத்தில் நிறைவேற்றி வருகிறீர்களா?’ என்று விரிவாகக் கேட்பார்கள். லயபிலிட்டி ஆர்டர் ஒரு நீதிமன்ற ஆணைதான், பாக்கி பாக்கிதான். பதிவேட்டில் இல்லை என்பதற்காக இங்கே ‘இல்லை’ என்று எழுதினால் அது பொய்யான உறுதிமொழி. நிதித் துறையில் அதன் கண்காணிப்பு அமைப்பான எஃப்.சி.ஏ.யின் விதிகளின்படி ஒருவரின் தகுதியை மதிப்பிடும்போது, தீர்க்கப்படாத தீர்ப்புக் கடன்கள் உண்டா என்று பார்க்க வேண்டும். அதையொட்டி நிறுவனங்கள் தம் படிவக் கேள்விகளை இன்னும் அகலமாக எழுதிக்கொள்கின்றன. அந்தத் துறையில் சிறு பாக்கியை மன்னிப்பவர்கள்கூட, மறைத்ததை மன்னிக்க மாட்டார்கள். வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தாலும் பணிநீக்கத்துக்கு அது போதும்.

அத்தகைய கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்து, கீழ்க்கண்ட பொருள் வருமாறு ஆங்கிலத்தில் நான்கு வாக்கியங்கள் எழுதினால் போதும்:

‘இன்ன நிதியாண்டின் கவுன்சில் டாக்ஸ் பாக்கிக்காக இன்ன தேதியில் லயபிலிட்டி ஆர்டர் ஒன்று பிறப்பிக்கப்பட்டது. வீடு மாறியபின் அறிவிப்புகள் பழைய முகவரிக்கே சென்றதால் எனக்குத் தெரியாமல் இது நடந்தது. தற்போது மாதத் தவணையில் கட்டி வருகிறேன். கவுன்சிலின் உறுதிக் கடிதத்தை இணைத்துள்ளேன்.’

இரண்டாம் வாக்கியத்தில் உங்கள் உண்மைக் காரணம் எதுவோ அதை எழுதுங்கள். வேலை போனது, நோய், உடன் குடியிருந்தவர் கட்டாமல் போனது என்று எதுவானாலும் ஒரு வாக்கியத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். மூன்றாம் வாக்கியத்துக்குத்தான் உண்மையான எடை. ஆகவே படிவத்தைத் திறப்பதற்கு முன்பே கவுன்சிலோடு தவணை பேசி, அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். தொலைபேசியில் பேசி முடித்தாலும், பேசியதைத் தொகுத்து அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புவது என் வழக்கம். பின்னால் கைகொடுப்பது அந்த மின்னஞ்சல்தான்.

படி 5: வேலையில் சேர்ந்தபின் சம்பளப் பிடித்தத்தைக் கவனியுங்கள்

பின்னணிச் சரிபார்ப்பில் தெரியாத ஆணை முதலாளிக்குத் தெரியவரும் நேரான வழி ஒன்று உண்டு. லயபிலிட்டி ஆர்டர் கிடைத்தபின் கவுன்சில் மீண்டும் நீதிமன்றம் போகாமலே உங்கள் முதலாளிக்குச் சம்பளப் பிடித்த ஆணையை அனுப்பலாம். அப்போது சம்பளப் பிரிவுக்குத் தெரிந்துவிடும். சம்பளச் சீட்டில் சி.டி.ஏ.ஈ.ஓ. என்ற பெயரிலோ அதுபோன்ற பெயரிலோ ஒரு கழிவு தோன்றும்.

இந்தக் கழிவு சிறு தொகையாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் 2007இல் வகுக்கப்பட்ட அட்டவணையின்படி, மாத நிகரச் சம்பளம் 900 முதல் 1,420 பவுண்டு வரையானால் 12 சதவீதம், 1,420 முதல் 2,020 வரையானால் 17 சதவீதம். அதற்கு மேல் போனால், முதல் 2,020 பவுண்டில் 17 சதவீதமும் எஞ்சியதில் பாதியும் போய்விடும். கையில் 2,400 பவுண்டு வாங்குபவருக்கு 343.40, 190 என்று இரண்டும் சேர்ந்து மாதம் 533.40 பவுண்டு பிடிபடும். தானே பேசி அமைத்துக்கொள்ளும் தவணை பெரும்பாலும் இதைவிடக் குறைவாக இருக்கும் என்பதால்தான் முந்திக்கொள்ளச் சொல்கிறேன்.

முந்தைய வேலையிலேயே இந்தப் பிடித்தம் ஓடிக்கொண்டிருந்தால், வேலை மாறிய செய்தியை 14 நாள்களுக்குள் கவுன்சிலுக்கு எழுத்தில் தெரிவிப்பது உங்கள் சட்டக் கடமை. பிடித்தம் புதிய முதலாளியையும் பின்தொடரும். மீதித் தொகையைப் புதிய வேலையில் சேர்வதற்கு முன் கட்டி முடிக்க முடிந்தால் நல்லது.

படி 6: ஆணையே தவறு என்றால் நீக்கக் கேளுங்கள்

முழுநேர மாணவராக இருந்த காலத்துக்கு வரி போட்டிருந்தால், வீட்டை விட்டுப் போன பிறகான காலத்துக்குப் போட்டிருந்தால், முதலில் கவுன்சிலிடமே ஆதாரத்தோடு எழுதுங்கள். தவறாகப் பெற்ற ஆணையை ரத்து செய்யும்படி கவுன்சிலே நீதிமன்றத்திடம் விண்ணப்பிக்க விதியில் இடம் உண்டு. அது மறுத்தால் நீங்களும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை அணுகலாம். ஆனால் வரிப்பொறுப்பிலேயே நியாயமான தகராறு இருக்க வேண்டும், நடைமுறையில் பெரும் பிழை நடந்திருக்க வேண்டும், தெரிந்தவுடன் தாமதிக்காமல் வந்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் வழி திறக்கும்.

பாக்கியோடு சேர்க்கப்படும் நீதிமன்றச் செலவுத்தொகைக்கும் கணக்குக் கேட்கலாம். லண்டனின் ஹாரிங்கே பகுதியில் 125 பவுண்டு செலவுத்தொகையை எதிர்த்துப் பாதிரியார் பால் நிக்கல்சன் தொடுத்த வழக்கில், அந்தத் தொகை எப்படி வந்தது என்று ஆராயாமல் அதை விதித்தது சட்டப்படி செல்லாது என்று 2015இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எளியவர்களுக்காக அவர் எடுத்த அந்த முயற்சியின் பலன் இன்றும் நமக்கு உதவுகிறது.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

ஒரே வீட்டை நால்வர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தால், மற்றவர் கட்டாத பாக்கிக்கும் ஆணை உங்கள் பெயரில் வருமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வாடகை ஒப்பந்தத்தில் எல்லாரும் கூட்டாகக் கையெழுத்திட்டிருந்தால் வரும். கூட்டுப் பொறுப்பு என்பதால் முழுத்தொகையையும் எவரிடமும் கேட்கலாம். ஆனால் மாணவர் அல்லாதவரோடு ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கும் முழுநேர மாணவருக்கு அந்தக் கூட்டுப் பொறுப்பு பொதுவாக இல்லை; கல்லூரிச் சான்றிதழை அனுப்பிப் பெயரை நீக்கச் சொல்லுங்கள்.

பத்தாண்டுக்கு முந்தைய ஆணை காலாவதியாகியிருக்குமா என்பது இன்னொரு கேள்வி. வரி கட்ட வேண்டிய நாளிலிருந்து ஆறு ஆண்டுகளுக்குள் கவுன்சில் ஆணை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஆணை ஒருமுறை கிடைத்துவிட்டால், சம்பளப் பிடித்தத்துக்கும் அமலாக்க முகவரை அனுப்புவதற்கும் இங்கிலாந்தில் கால வரம்பு இல்லை. எனவே படி 4இல் சொன்ன மூன்றாம் விதக் கேள்விக்குப் பழைய ஆணையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கட்டவே வழியில்லாத நிலையில் விண்ணப்பிப்பவர்கள், கடன் ஆலோசனை அமைப்புகளான ஸ்டெப்சேஞ்ச் அல்லது நேஷனல் டெட்லைனிடம் இலவச ஆலோசனை பெறலாம். 2021 மே மாதம் முதல் நடப்பில் உள்ள ‘பிரீதிங் ஸ்பேஸ்’ திட்டத்தில் கவுன்சில் டாக்ஸ் பாக்கியும் அடங்கும். அதில் சேர்ந்தால் 60 நாள்களுக்குப் பெரும்பாலான வசூல் நடவடிக்கைகள் நிறுத்தி வைக்கப்படும். தவணைக் கடிதம் வாங்கவும் படிவத்தை நிதானமாக நிரப்பவும் அந்த அவகாசம் போதும்.