நுகர்வோர் வழக்கில் சமரசம்: ஒப்புதல் கடிதம் முதல் ஆணை கையில் வரும்வரை

நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போட்டால் தீர்ப்பு வரும்வரை வாய்தா வாய்தாவாக அலைய வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடுநிலையான ஒருவர் முன்னிலையில் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளும் சமரசமும் ஒரு வழி. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சமரசத்துக்கென்று தனி ஏற்பாடு இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதைக் கொண்டுவந்தது. 37-ஆம் பிரிவும், 74 முதல் 81 வரையுள்ள பிரிவுகளும் 2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ளன. பிறகு வந்த 2023-ஆம் ஆண்டு மத்தியஸ்த (சமரச)ச் சட்டத்தின் அட்டவணை இந்தப் பிரிவுகளையும் திருத்துகிறது. அந்தச் சட்டம் பகுதி பகுதியாகத்தான் அமலாக்கப்படுகிறது. எனவே மனுவில் பிரிவு எண் எழுதுமுன் ஆணையப் பதிவகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வக்கீல் வைக்காமல் தாங்களே ஆஜராகிறவர்களுக்கான விளக்கம் இது.

1. உங்கள் வழக்கு சமரசத்துக்கு உரியதா?

எல்லா வழக்கும் போகாது. மரணத்திலோ கொடுங்காயத்திலோ முடிந்த மருத்துவக் கவனக்குறைவு, மோசடி, போலி ஆவணம், ஆள்மாறாட்டம், மிரட்டல் பற்றிய தீவிரமான குற்றச்சாட்டு, குற்றவியல் வழக்கு, வழக்கில் சேராத பலரது நலனைத் தொடும் விவகாரம் ஆகியவற்றை 2020-ஆம் ஆண்டு சமரச விதிகள் விலக்கிவைக்கின்றன. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கோபத்தில் புகார் முழுக்க 'மோசடி, மோசடி' என்று எழுதிவிட்டு, பிறகு சமரசம் கேட்டால் உங்கள் எழுத்தே உங்களுக்குக் குறுக்கே நிற்கும். பொருளில் குறை, சேவையில் குறைபாடு, தாமதம் என்றால் அதை அப்படியே எழுதுங்கள்.

2. புகாரைப் பதிவுசெய்தல்

முதலில் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்புங்கள். 1915 உதவி எண்ணிலும் புகார் பதியலாம். அதிலேயே முடிந்துவிட்டால் ஆணையத்துக்குப் போக வேண்டியதே இல்லை. முடியாவிட்டால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்கு. நீங்கள் கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். கேட்கும் இழப்பீட்டைச் சேர்த்துக் கணக்கிடக் கூடாது. கொடுத்த விலைதான் அளவு. விலை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், இணையவழியும் உண்டு.

3. ஐந்து நாள் கெடு

புகார் ஏற்கப்பட்ட பிறகு முதல் விசாரணையிலோ அதற்குப் பின்போ, பேசித் தீர்க்க வழியிருப்பதாக ஆணையம் கருதினால், 5 நாட்களுக்குள் எழுத்துமூலம் ஒப்புதல் தரச் சொல்லும். இரு தரப்பும் தந்தால், அடுத்த 5 நாட்களுக்குள் ஆணையத்தோடு இணைந்த சமரச அலுவலகத்துக்கு அனுப்பும். ஒரு தரப்பு மறுத்தாலும் அனுப்ப முடியாது. மறுத்ததற்காக வழக்கு பலவீனமாகாது. விசாரணை வழக்கம்போல் நடக்கும்.

4. மேசைக்குப் போகுமுன்

ஒரு தாளில் மூன்று தொகைகளை எழுதிக்கொள்ளுங்கள்: நியாயமாக வர வேண்டியது, திருப்தியோடு ஏற்பது, இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்பது. மூன்றாவது தொகையை, பேச்சை நடத்திவைக்கும் சமரசரிடம்கூட முதல் அமர்விலேயே சொல்லிவிட வேண்டாம். ரசீது, உத்தரவாத அட்டை, சர்வீஸ் பதிவு எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல் தேவை.

எதிர்தரப்பில் வருபவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறதா என்று முதல் நாளிலேயே கேளுங்கள். நிறுவனத்தின் அதிகாரக் கடிதம் இல்லாமல் வருகிறவர், 'மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்' என்று இரண்டு அமர்வுகளைத் தின்றுவிடுவார். சமரசத்துக்கான காலமோ சமரசர் முன் முதல் ஆஜரிலிருந்து 3 மாதம்தான். நீட்டிப்பை ஆணையத்திடம் கேட்டுத்தான் பெற வேண்டும்.

அமர்வில் கைபேசியில் பதிவுசெய்யாதீர்கள், அனுமதி கிடையாது. அங்கே பேசுவது ரகசியம். 'பாதித் தொகை போதும்' என்று நீங்கள் சொன்னதைப் பின்னால் விசாரணையில் உங்களுக்கு எதிராக எடுத்துவைக்க முடியாது. அதனால் தாராளமாகப் பேசலாம்.

5. ஒப்பந்தம் எழுதுதல்

சமரசத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் இந்தத் தாளில்தான். காரணம், சமரசத்தின்பேரில் மாவட்ட ஆணையம் பிறப்பிக்கும் ஆணைக்கு மேல்முறையீடு கிடையாது என்று 41-ஆம் பிரிவு சொல்கிறது. தவறாக எழுதிக் கையெழுத்திட்டால் திருத்திக்கொள்ள மேலே இடமில்லை.

மோசமான வாசகம் இப்படி இருக்கும்: 'எதிர்தரப்பினர் உரிய தொகையை விரைவில் திருப்பித் தருவர்.' எவ்வளவு, எப்போது என்று இதில் எதுவுமே இல்லை. ஆணையை அமல்படுத்தக் கேட்டு நிறைவேற்று மனு போடும்போது கையில் பிடிக்க ஒன்றும் இருக்காது.

சரியான வாசகம், ஒரு குளிர்சாதனப் பெட்டி வழக்கை வைத்து:

'எதிர்தரப்பினர் ரூ.42,500-ஐ ஆணை நாளிலிருந்து 30 நாட்களுக்குள் முறையீட்டாளரின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். தவறினால் கெடு முடிந்த நாளிலிருந்து பணம் வந்து சேரும் நாள்வரை ஆண்டுக்கு 9 சதவீத வட்டி சேரும். பழைய பெட்டியைப் பணம் செலுத்திய 7 நாட்களுக்குள் எதிர்தரப்பினர் தம் செலவில் எடுத்துச் செல்ல வேண்டும்.'

பணம் முதலில், பொருள் பிறகு என்ற வரிசையைக் கவனியுங்கள். இது மாறினால் பெட்டியும் போய், பணத்துக்கும் நடக்க வேண்டிவரும். மாற்றுப் பொருள் வாங்குவதானால் மாடல் எண்ணும் புதிய உத்தரவாதக் காலமும் எழுதப்பட வேண்டும். 'இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்ற வரியை நிறுவனங்கள் விரும்பிச் சேர்க்கும். அதை 'இந்தப் புகார் தொடர்பாக' என்று குறுக்குங்கள். சில அம்சங்களில் மட்டும் உடன்பட்டால் அவற்றை மட்டும் பதிவுசெய்து, மீதியை விசாரணைக்கு விடலாம். சட்டமே அதற்கு இடம் தருகிறது.

6. ஆணையும் அதற்குப் பிறகும்

இரு தரப்பும் கையெழுத்திட்டதும் சமரசர் தம் அறிக்கையுடன் ஒப்பந்தத்தை ஆணையத்துக்கு அனுப்புவார். அறிக்கை கிடைத்த 7 நாட்களுக்குள் ஆணை வர வேண்டும். சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள். கட்டணம் கட்டியிருந்தால் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும். அதற்கும் மறக்காமல் மனு கொடுங்கள்.

கெடு தாண்டியும் பணம் வராவிட்டால் புதிய வழக்குத் தேவையில்லை. 71-ஆம் பிரிவின்படி அந்த ஆணையை நீதிமன்றத் தீர்ப்பாணைபோல் நிறைவேற்றலாம். ஆணையை மீறியவருக்கு 72-ஆம் பிரிவின்கீழ் 1 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை, அல்லது ரூ.25,000 முதல் ரூ.1 லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அந்த மனுவோடு வங்கிக் கணக்கு அறிக்கையையும் இணைத்தால், பணம் வரவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.